ஐவ்லெட் பாலத்துச் சுமைதாங்கி

வட இங்கிலாந்தில் நாங்கள் இருந்த அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் காதில் விழுவது ஸ்வேல் ஆற்றின் சத்தம்தான். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். ராத்திரி கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டாலும் கேட்கும். மேலே கெல்ட் பக்கம் மழை கொட்டினால் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதன் குரல் மாறிவிடும். கூழாங்கல்லோடு பேசிக்கொண்டிருந்த தண்ணீர் அடித்தொண்டையில் உறும ஆரம்பிக்கும். நிறமும் மாறும். மேட்டு நிலம் முழுக்க பீட், வெட்டிக் காயவைத்தால் எரிகிற மக்கிய மண். அதில் ஊறி இறங்குகிற தண்ணீர் முதல் டிகாக்‌ஷன் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும். ஆறு வயதில் அங்கே போய் இறங்கிய எனக்கு, ஆறு என்றால் இந்த நிறம்தான் என்று நெடுநாள் நம்பிக்கை.

போன அக்டோபரில் மறுபடி போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். கன்னர்சைட் பாலத்தில் நின்றுகொண்டு, விளக்கு எரிகிற ஜன்னல்களை எண்ணினேன். எண்ணத் தொடங்கினதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. ஊர் திரும்பிப் போகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். யார் வீட்டில் வெளிச்சம், யார் வீட்டில் புகை என்று பார்த்துக்கொண்டே நடப்போம். ஆறு மட்டும் அதே சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது.

அப்பாவுக்குக் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை. வாடகை குறைவு என்பதற்காகவோ, அம்மாவுக்கு மலை பிடித்துப்போனதற்காகவோ, பள்ளத்தாக்கின் உள்ளே இவ்வளவு தூரம் வந்து வீடு எடுத்தார்கள். 1970களின் தொடக்கம். கல் வீடு, கல் கூரை. மேல்வீட்டில் ஒரு வயசான தம்பதி, கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாடு, நிறைய ஆடு. வந்த அன்றைக்கே அந்த அம்மாள் ஒரு தட்டில் பழக் கேக்கும் அதன்மேல் ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டியுமாகக் கதவைத் தட்டினாள். இனிப்பும் உப்புமாக இரண்டையும் சேர்த்துக் கடிக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். அம்மா என்னிடம், “பாட்டின்னு கூப்பிடுடா” என்றாள். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் ஏதோ ஆங்கிலச் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு சாகும்வரைக்கும் அந்தத் தெருவுக்கு அவள் பாட்டிதான். அவள் புருஷன் எனக்குத் தாத்தா.

தாத்தாவின் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. எதிரில் வருகிறவரை ‘நௌ தென்’ என்பார், அதோடு நலம் விசாரித்தாகிவிட்டது. என்னை ‘தா’ என்றும் ‘தீ’ என்றும் அழைப்பார். லண்டன்காரர்கள் எப்போதோ தொலைத்துவிட்ட பழைய ஒருமைச் சொல் அது. நம் ‘நீ’க்கு நேர். வீட்டில் அப்பா என்னை ‘நீ’ என்றும், அப்பாவை நான் ‘நீங்க’ என்றும் சொல்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வித்தியாசம் உடனே பிடிபட்டது. அவர் மனைவியிடமும் நாயிடமும் என்னிடமும் ‘தா’. பாதிரியாரிடமும் என் அப்பாவிடமும் ‘யூ’.

ஊர்ப் பெயர்களை அவர் வாயால் கேட்க வேண்டும். கெல்ட், த்வெய்ட், மியூக்கர், கன்னர்சைட். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த நார்ஸ் ஜனங்கள் விட்டுவிட்டுப் போன சொற்கள். கெல்ட் என்றால் ஊற்று. த்வெய்ட் என்றால் காடு வெட்டித் திருத்திய இடம். கன்னர்சைட், கன்னர் என்கிற ஒருவனின் கோடை மேய்ச்சல் பட்டி. அவன் யாரோ எவனோ, அவன் பட்டியில்தான் நான் கோலி விளையாடினேன்.

ஜூலை மாசம் வந்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். வைக்கோலுக்கான புல் அறுப்பு. நாம் சொல்கிற வைக்கோல் வேறு, இது பூவோடு அறுக்கிற புல். ஆற்றங்கரை வயல்கள் ஜூனிலேயே பூத்துக் குலுங்கும். மஞ்சள் பட்டர்கப், ஊதா நிறக் காட்டு கிரேன்ஸ்பில், விதை காய்ந்ததும் கிலுகிலுப்பைபோலச் சத்தம் போடுகிற யெல்லோ ராட்டில். அந்தச் செடி கிலுகிலுத்தால் அறுக்கலாம் என்று கணக்கு. வயலுக்குள் குறுக்கே ஓடினால் தாத்தாவுக்கு வரும் கோபம் வேறு எதற்கும் வராது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். மிதித்த புல் அறுவாளுக்கு நிமிராது. கற்சுவரில் ஆள் நுழைகிற சந்து விட்டிருப்பார்கள். இடுப்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். பெரியவர்களுக்கு இடிக்கும், ஆட்டுக்குட்டி நுழையாமல் அடைத்துக்கொள்ள ஒரு குட்டிக் கதவு வில்லோடு இருக்கும். அது டப்பென்று சாத்திக்கொள்கிற சத்தம், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் சத்தம்.

அறுத்த புல்லை மர வாரியால் புரட்டிப் போட்டு, காய வைத்து, மழை மிரட்டினால் சிறு குவியலாக்கி, வெயில் வந்தால் மறுபடி பிரித்து, கடைசியில் வயலிலேயே நிற்கிற கல் கொட்டகைக்குள் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று வயலுக்கு ஒரு கொட்டகை. கீழே மாடு, மேலே புல். ஊர்க்காரர் வாயில் ‘கௌ-அஸ்’, மாட்டு வீடு. புல்லடுக்குகிற பகுதிக்கு ‘மியூ’ என்று பேர். பையன்களுக்கு வேலை அங்கேதான். கூரை முட்ட முட்டப் புல் உள்ளே வந்து விழும், அதன்மேல் ஏறிக் குதித்து மிதித்து அமுக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறும், கழுத்தில் முள் குத்தும். வாசனையை எப்படிச் சொல்ல? இனிப்பான தேயிலையும் வெயிலும் கலந்த மாதிரி ஒன்று. இப்போதும் எங்காவது காய்ந்த புல்லைக் கடந்தால் கால் தானாக மிதிக்கத் துடிக்கும்.

நாலு மணிக்குப் பாட்டி கூடையோடு வயலுக்கு வருவாள். அதற்கு ‘டிரிங்கிங்ஸ்’ என்று பேர், தின்பதுதான் அதிகம். மூடிபோட்ட தகர டப்பாவில் பால் கலந்த தேநீர், வெண்ணெய் தடவின ரொட்டி, பன்றித் தொடைக்கறி, தயிர்க்கட்டி வைத்துச் சுட்ட டார்ட். சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மா ஒருநாள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். தாத்தா ஒரு கைப்பிடி வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். அடுத்த வருஷம் அறுப்பு தொடங்குவதற்கு முதல்நாள், “அந்த மஞ்சள் சாதம் வருமா?” என்று கேட்டு ஆளனுப்பினார்.

அந்தச் சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பில்லை, சிமெண்ட் இல்லை, வெறும் கல்லைக் கல்லோடு பொருத்திக் கட்டினவை. இரண்டு முகமாக எழுப்பி, நடுவில் சல்லி நிரப்பி, இரண்டையும் கோக்கிற நீளக் கல்லைக் குறுக்கே வைப்பார்கள். தேர்ந்த கைக்கு ஒரு நாளைக்கு ஏழு கெஜம். சரிந்த இடத்தைத் தாத்தா எடுத்துக் கட்டும்போது, கையில் எடுத்த கல்லைக் கீழே போடவே மாட்டார். எடுத்த கல்லுக்கு எங்கேயாவது இடமிருக்கும் என்பார். அதைத் தேடித் திருப்பித் திருப்பி வைப்பார், உட்கார்ந்துகொள்ளும். நான் வைத்தால் ஆடும்.

பாரிஷ் என்ற சொல்லை எனக்கு விளங்கவைத்தவரும் அவர்தான். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் சேகரம். தெற்கு இங்கிலாந்தில் ஒரு கிராமம், ஒரு கோயில், ஒரு பாரிஷ் என்று கையடக்கமாக முடிந்துவிடும். இந்த மேட்டு நாட்டில் அப்படி இல்லை. ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் மேல்பாதி முழுக்கக் கிரிண்டன் கோயிலின் கணக்கில் சேர்ந்தது. மேற்கே வெஸ்ட்மோர்லண்ட் எல்லைவரைக்கும் போகும். அந்த ஒரே பாரிஷுக்குள் மியூக்கர், மெல்பெக்ஸ், ரீத், கிரிண்டன் என்று தனித்தனி டவுன்ஷிப்கள். பேரைக் கேட்டுப் பட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலைந்து குக்கிராமமும் அவற்றுக்கான மேய்ச்சல் மேடும் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். எங்கள் கன்னர்சைட் மெல்பெக்ஸில் சேர்த்தி.

ஏழையைச் சோறு போட்டுக் காப்பாற்றுவது பாரிஷின் பொறுப்பு என்பது பழைய சட்டம். வடக்கே பாரிஷ்கள் இத்தனை அகலமாக இருந்தால் யார் யாருக்குச் சோறு போடுவது? 1662இல் வந்த சட்டம், வடநாட்டு டவுன்ஷிப்கள் தத்தம் ஏழைகளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்றது. அன்றிலிருந்து ஒரு மனிதன் எந்த டவுன்ஷிப்புக்குப் பாத்தியப்பட்டவன் என்பது சாப்பாட்டுக் கேள்வியாகிவிட்டது. பாத்தியம் இல்லாதவரை அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு எழுதுவார்கள். கல்யாணமாகாமல் பிறக்கிற குழந்தை, பிறந்த இடத்துக்குப் பாத்தியம். அதனால் கர்ப்பிணிப் பெண்களை வலி எடுப்பதற்குள் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்ட கதைகள் இங்கிலாந்து முழுக்க உண்டு. தாத்தா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சிற்றோடை ஒன்றைக் காட்டி, “இந்த பெக்குக்கு இந்தப் பக்கம் பிறந்தால் கஞ்சி, அந்தப் பக்கம் பிறந்தால் பட்டினி” என்றார். நான் அதை ஒரே எட்டில் தாண்டினேன். பிறகு தாண்டும்போதெல்லாம் அந்தப் பேச்சு காலில் தட்டும்.

உயிரோடிருக்கிறவர்களைப் பிரித்துவைத்த பாரிஷ், செத்தவர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்தது. ஒருகாலத்தில் இடுகாடு கிரிண்டனில் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிழக்குக் கடலோரத்து பிரிட்லிங்டன் மடத்துத் துறவிகள் கட்டிய புனித அந்திரேயா கோயில் அது. பள்ளத்தாக்குகளின் பேராலயம் என்று இன்றும் பட்டம். கெல்டில் ஒருவர் இறந்தால் கிரிண்டன் பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. வண்டி போகிற பாதை கிடையாது. மரப்பெட்டி கனம் என்று பிரம்புக் கூடையில் பிணத்தைக் கிடத்தித் தோளில் எடுத்துக்கொண்டு, கிஸ்டன் மலையேறி இறங்கி, ஆற்றோரமாக நடந்தே போவார்கள். இரண்டு நாள் ஆகும் என்பார்கள். பனிக்காலத்தில் எத்தனை நாளோ. வழியில் ராத்தங்கல், வழியில் தோள் மாற்றல். அந்தப் பாதைக்குச் சவப்பாதை என்றே பேர்.

பாதை ஆற்றைக் கடக்கிற இடம் ஐவ்லெட் பாலம். ஒற்றை வளைவு, பூனை முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கிற மாதிரி. அதன் வடகோடியில் புல்லுக்குள் பதிந்து ஒரு நீளக் கல் கிடக்கிறது. பாலமேறி இறங்கின இளைப்பில் கூடையை இறக்கி வைக்கிற கல். தாத்தா அதைக் காட்டின அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சற்று யோசித்துவிட்டு, “சுமைதாங்கி” என்றார். அவர் ஊர்ச் சாலையோரத்தில் அப்படி ஒரு கல் உண்டாம், பிள்ளைப்பேற்றில் இறந்துபோன ஒருத்திக்காக நட்டது. அதற்குப் பின் எங்கள் வீட்டில் ஐவ்லெட் பாலம் என்று யாரும் சொன்னதில்லை. “சுமைதாங்கி வரைக்கும் நடந்துட்டு வரலாமா?” என்றுதான் அம்மா கேட்பாள்.

அந்தப் பாலத்தில் தலையில்லாத நாய் ஒன்று நடமாடும் என்றும், பார்த்தவர் வீட்டில் சாவு விழும் என்றும் பேச்சு. இருட்டிய பிறகு நான் அதன்மேல் நடந்ததே இல்லை. தாத்தாவும் பார்த்ததில்லை. ஆனால் அவர் நாய், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் காலை ஒட்டிக்கொள்ளும்.

சவத்துணியைப் பற்றிப் பாட்டிதான் சொன்னாள். கம்பளி வியாபாரம் செழிக்க வேண்டுமென்று, செத்தவர்களைக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. 1678இல் அதை இறுக்கினார்கள். மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். பாதி, காட்டிக்கொடுத்தவருக்கு. பாதி, பாரிஷ் ஏழைகளுக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டார் இறந்துபோன மகளைக் கம்பளியில் சுற்ற மனசு வராமல் லினன் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு ஐந்து பவுண்டு கட்டினார்களாம். “ஆட்டு ரோமத்தோடேயே ஆயுசெல்லாம் மாரடிக்கிறோம், போகும்போதாவது பிள்ளைக்கு மெத்தென்று ஒரு துணி வேண்டாமா?” என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள் பாட்டி.

1580இல் மியூக்கரில் ஒரு சிறு கோயில் எழும்பி, கூடவே இடுகாட்டுக்கும் இடம் கிடைத்தது. அதன்பின் மேல்பள்ளத்தாக்குச் சாவுகள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. நாலு நூற்றாண்டு ஆகியும் தாத்தா போன்றவர்கள் அந்தப் பாதையை அதே பேரால்தான் அழைத்தார்கள். ஆட்டைத் தேடிப் போகும்போதும் சவப்பாதையில்தான் போவார்கள்.

பாட்டியின் அடுப்படி சதா பீட் புகையில் ஊறியிருக்கும். ஈர மண்ணும் பழைய தோலும் எரிகிற மாதிரி ஒரு மணம். திரைச்சீலையில், ரொட்டியில், அவள் தலைமுடியில் எல்லாம் அதுதான். மேட்டு நிலத்தில் பீட் வெட்டிக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பாத்தியம் உண்டு. மே மாசம் வெட்டி, அங்கேயே செங்கல் மாதிரி நிறுத்திவைத்துக் காய்ந்த பிறகு இறக்குவார்கள். உத்தரத்தில் கொக்கிகள். அதில் ஒருகாலத்தில் உப்பிட்ட பன்றி விலா தொங்கினது. பக்கத்தில் துணி உலர்த்துகிற கொடிபோல ஒரு சட்டம், ஓட்ஸ் ரொட்டி காயப்போடுவதற்காக. தரையில் பழந்துணிக் கீற்றுகளைக் கோணியில் குத்தி இழுத்துச் செய்த விரிப்பு. பனிக்காலம் பூரா அதைத்தான் செய்வாள். அம்மாவின் நைந்த பட்டுப் புடவை ஒன்றின் ஜரிகை ஓரமும் ஒரு வருஷம் அதில் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று புது விரிப்பு கணப்புக்கு முன்னால் வரும். பழையது அடுப்படிக்குப் போகும். அதற்கும் பழையது நாய்க்கு.

அவள் பாட்டி காலத்தில் ஆணும் பெண்ணும் நடந்துகொண்டே காலுறை பின்னினார்களாம். இடுப்பில் செருகின மர உறையில் ஒரு ஊசியை நிறுத்திக்கொண்டால் ஒரு கை ஓரளவு ஓய்ந்துவிடும். சந்தைக்குப் போகும்போது, மாட்டை ஓட்டும்போது, சுரங்கத்துக்குப் போகும்போதுகூட.

சுரங்கம் என்றேன். கன்னர்சைட் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் பச்சை தீர்ந்துபோய்ச் சாம்பல் நிற உலகம் தொடங்கும். ஈயம் எடுத்த இடம். மலைச்சரிவில் தண்ணீரைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிட்டு மண்ணை அரித்து ஈயத்தாதுவைக் கண்டார்கள். அந்தத் தழும்புகள் இன்னும் ஆறவில்லை, புல்லே முளைப்பதில்லை. ஓல்ட் கேங் உருக்காலைக்கு மேலே பீட் சேமித்துவைத்த நெடுங்கொட்டகை ஒன்று. கூரை போய்விட்டது, கல் தூண்கள் மட்டும் வரிசை கட்டி நிற்கின்றன. முதல்முறை பார்த்தபோது மதுரைப் பக்கம் ஏதோ இடிந்த மண்டபம் மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. தாத்தாவின் தாத்தா அங்கே ‘குரூவர்’, அதாவது குழி தோண்டுகிறவர். 1870களின் கடைசியிலும் அடுத்த பத்து வருஷத்திலும் ஸ்பெயினிலிருந்து மலிவாக ஈயம் வந்து இறங்கியதும் விலை விழுந்தது. சுரங்கம் ஒவ்வொன்றாக மூடியது. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். டர்ஹம் கரிச்சுரங்கத்துக்கு, லங்காஷயர் பஞ்சாலைக்கு, கடல் கடந்து அமெரிக்காவில் அயோவாவின் டுபூக் ஈயக்குழிகளுக்கு. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் டுபூக் முத்திரை குத்திய கடிதங்கள் ஏழெட்டு இருந்தன. கடைசிக் கடிதத்தில் ஒரு பூவை அமுக்கி அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் அந்த மஞ்சள் பூ முளைக்கிறது என்று.

கூட்டமாக வாழ்ந்த காலத்தில் கட்டின மெதடிஸ்ட் சேப்பல்தான் கன்னர்சைட்டில் எல்லாக் கூரைக்கும் மேலாக நிற்கும். ஜான் வெஸ்லி 1761இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பிரசங்கம் செய்தவர். சுரங்கத்து ஜனம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது. 1866இல் எழுப்பிய அந்தச் சேப்பலின் மாடம் நிரம்பியதைப் பாட்டியின் தாயார் பார்த்திருக்கிறாள். என் காலத்தில் கீழே பாதிகூட நிரம்பாது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் ஆண்டுவிழாவன்று நிற்க இடமிருக்காது. ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் வருவார்கள். பிள்ளைகள் மேடையில் ஏறிப் பாட்டோ பாராவோ ஒப்பிக்க வேண்டும். எங்களை ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்று யோசிக்கிற வயசு எனக்கு அன்று இல்லை. நாங்கள் அந்த மதமும் இல்லை. “இந்தத் தெருப் பையன் இவன்” என்று பாட்டி சொன்னாள், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அறுவடைத் திருநாளில் சேப்பலுக்குள் நுழைந்தால் ஆப்பிளும் கிழங்கும் மெருகு எண்ணெயும் நனைந்த கோட்டும் கலந்து ஒரு வாசனை வரும்.

செப்டம்பர் முதல் புதன்கிழமை மியூக்கர் ஆட்டுக் கண்காட்சி. விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக 1897இல் சேர்ந்த பித்தளை வாத்தியக் குழு அன்றைக்கு வயலில் உட்கார்ந்து வாசிக்கும். ஸ்வேல்டேல் ஆட்டைக் கண்ணால் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கரிய முகம், வெளுத்த மூக்கு, சுருண்ட கொம்பு. அந்தக் கொம்பன் தலைதான் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சின்னம். கண்காட்சிக்கு முதல்நாள் தாத்தா அவற்றின் முகத்தைக் குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

மேட்டில் வேலி கிடையாது. எந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதைத் தாய் ஆடு குட்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். ரோமத்தில் சாயக் குறி, காதில் வெட்டுக் குறி, கொம்பில் சுட்ட எழுத்து. எண்ணும்போது தாத்தாவின் வாயில் வேறொரு பாஷை வரும். யான், டான், டெதர், மெதர், பிப். பிப் என்றால் ஐந்து. பள்ளிக்கூடத்தில் கற்ற ஒன் டூ த்ரீயை ஆட்டுக்குச் சொல்லக் கூடாது என்று எனக்கு அழுத்தமான எண்ணம். பனி மூடின மாசியில் சுவரோரமாகப் புதைந்த ஆடுகளை நாய் மோந்து காட்டும், நீளக் கழியால் குத்திப் பார்த்துத் தோண்டுவோம். பனிக்குள்ளே மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஆடு சிறு குகை செய்துவைத்திருக்கும். அதிலிருந்து வெளியே வரும் முதல் ஆவி நம் முகத்தில் படும்.

த்வெய்ட் ஊரைப் பற்றிப் பாட்டி ஒன்று சொல்வாள். 1899 வெள்ளத்தில் அந்த ஊரே அடித்துப்போக இருந்ததாம். தோட்டங்களெல்லாம் போயின. அடுத்த வசந்தத்தில் கீழே மியூக்கர் வயல்களில் யாரும் நடாத பூக்கள் பூத்தன, எல்லாம் த்வெய்ட் தோட்டத்துப் பூக்கள். அதே த்வெய்ட்டில் பிறந்தவர்கள்தான் ரிச்சர்ட், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள். பறவைக் கூட்டைப் படம்பிடிப்பதற்காகச் செத்த மாட்டின் தோலைப் பாடம்செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்து நின்றவர்கள். படங்களெல்லாம் இயற்கையில் எடுத்த புகைப்படங்களாகவே அமைந்த முதல் பறவைப் புத்தகத்தை 1895இல் கொண்டுவந்தார்கள். அவர்கள் படித்த மியூக்கர் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருவருக்கும் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே பலகையும் சிலேட்டும் இல்லை, கைவினைப் பொருள் விற்கிறார்கள்.

நாங்கள் இருந்த வீட்டு வாசலில் இப்போது எண் அழுத்தித் திறக்கிற குட்டிப் பெட்டி மாட்டியிருக்கிறது, உள்ளே சாவி. வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போகும். பாட்டி வீட்டுக்கும் அப்படித்தான். கணப்பில் எரிவது விறகு, கோணி விரிப்பு கிடந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளம், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல் கொட்டகைகளில் மாடு கட்டுகிறவர் யாரும் இல்லை. வரிசையாகக் கூரை சரிகிறது. புல்லைக் காய வைக்காமல் ஈரத்தோடு கறுப்பு பிளாஸ்டிக்கில் சுருட்டிவிடுகிறார்கள், அதற்கு மியூவும் வேண்டாம், மிதிக்கப் பையனும் வேண்டாம். 1930களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பூப்புல்வெளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு போய்விட்டது. மியூக்கர் வயல்கள் இன்னும் பிழைத்து நிற்கின்றன. ‘ஒருவர் பின் ஒருவராக நடக்கவும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு அங்கேயே நின்றேன். பின்னால் சுவர்ச் சந்தில் குட்டிக் கதவு டப்பென்று சாத்தியது. திரும்பிப் பார்த்தால் யாரோ இரண்டு நடைப்பயணிகள், கையில் வரைபடம்.

தாத்தா 1979 பிப்ரவரியில் போனார். அந்த வருஷப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுவர் மட்டத்துக்குக் குவிந்திருந்தது. சவ வண்டி பெருஞ்சாலையோடு நின்றுவிட்டது. வீட்டிலிருந்து சாலைவரைக்கும் தோளில்தான் எடுக்க வேண்டும். ஊரிலோ திடமான ஆண்கள் ஆறு பேர் தேறவில்லை, பாதிப் பேர் மேட்டில் ஆடு தேடப் போயிருந்தார்கள். பாட்டி எங்கள் கதவைத் தட்டி அப்பாவைப் பார்த்து, “ஒரு தோள் வேண்டும்” என்றாள்.

பெட்டி எடுப்பவர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். அப்பா எல்லோரையும்விட நாலு அங்குலம் குட்டை. அவர் பக்கம் பெட்டி சாய்ந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டு ஒன்று, குளிக்கும்போது மட்டும் வெளியே வருவது, அதை எடுத்து நாலாக, எட்டாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார். பெட்டி நேராயிற்று. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. பனிக்குள் முழங்கால்வரை புதைந்து புதைந்து, யாரோ மெல்லக் காலடி எண்ணிக்கொடுக்க, இறங்கிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டி அந்தத் துண்டைத் துவைத்து, கணப்பருகே உலர்த்தி, தேய்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே ஒரு பொட்டலம், பழக் கேக்கும் பாலாடைக்கட்டியும். அப்பா அதற்குப் பிறகு அந்தத் துண்டில் தலை துவட்டியதை நான் பார்க்கவில்லை. அம்மா அதைப் பெட்டிக்குள் எடுத்துவைத்தாள். இரண்டு வீடு மாறி, ஒரு நாடு மாறி, போன வருஷம் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, துண்டு மடிப்போடு இருந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். பீட் புகை.